நாலரையாம் மாடி

மனித குலம் மெய்ஞ்ஞானம் தேடிப் போன இடங்கள் இதுவரை மூன்று: மலை, காடு, ஆற்றங்கரை. நான்காவதாக ஒரு லிஃப்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, 'ஆறு பேர் மட்டும்' என்ற அறிவிப்போடு அந்தத் தவச்சாலை ஆறு வார காலம் அந்தரத்தில் தொங்கியது. மலைக்கும் காட்டுக்கும் போனவர்களுக்கு ஞானம் கிட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. இங்கே நாற்பத்தைந்தே நிமிடம். தவிர, மலையில் மின்விசிறி கிடையாது. இங்கே உண்டு.

இந்தத் தவச்சாலையைக் கண்டுபிடித்தவர் குடியிருப்பு நலச் சங்கத்தின் செயலாளர். அதைத் தினமும் நடத்தியவன் லிஃப்ட் மெக்கானிக். கண்டுபிடித்தவரைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு மலரில் பதினாறு பக்கம் வரவிருப்பதால், இங்கே மெக்கானிக்கின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது.

செயலாளர் எடை அளவுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, துறை அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. மாடிப்படிகளை ஒன்றுவிடாமல் அளந்து, ஏழாவது படி அரை அங்குலம் குறைகிறது என்று கட்டடம் கட்டியவருக்குப் பதினோரு கடிதம் எழுதியவர். லிஃப்ட் கம்பெனிக்கு எழுதிய கடிதங்கள் தனிக் கோப்பு. அதனால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே இருப்பது செயலாளர் என்று போன் வந்ததும் மெக்கானிக் கையைக்கூடத் துடைக்காமல் கிளம்பினான்.

அவன் அப்போது வேறொரு கட்டடத்தில் கிரீஸும் கையுமாக இருந்தான். வந்து சேர அரை மணி ஆகிவிட்டது. லிஃப்ட் நின்றுபோனால் அதைச் சரிசெய்ய வருகிறவன் படியேறித்தான் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் குசும்பு. எட்டு மாடியும் ஏறி, அதற்குமேல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மெஷின் ரூமுக்குப் போய், மெயினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி லிஃப்டை ஐந்தாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, மறுபடி நான்கு மாடி இறங்கி ஓடினான். செயலாளரின் மனைவி முதற்கொண்டு பத்துப் பேர் கதவருகே நின்றிருந்தார்கள். சாவி போட்டுக் கதவைத் திறந்தான்.

செயலாளர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்கள் ஈரமாக இருந்தன. அவர் முகத்தில் யார்மீதும் புகார் இல்லை. அது அவர் முகம்தானா என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு? மயக்கமா?" என்று பதறினார் மனைவி.

"மயக்கம் தெளிஞ்சிடுச்சு" என்றார் செயலாளர். குரல் கம்மியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்று மெக்கானிக் குறுக்கிட்டான். "கதவுப் பூட்டுல ஒரு சின்ன சுவிட்ச் தேஞ்சு போயிருக்கு. பத்து நிமிஷ வேலை. மாத்திடுறேன்."

"எதையும் மாத்தாதீங்க."

"மாத்தலைன்னா மறுபடி நிக்கும் சார்."

"நிக்கட்டும். நிக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியுமா?"

மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அவன் அறிந்தவரை லிஃப்ட் நின்றால் அதற்குப் பெயர் கோளாறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்தில் சங்கத்தின் அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. மெக்கானிக் 'தொழில்நுட்பப் பார்வையாளராக' அழைக்கப்பட்டு, நாற்காலி போதாததால் நிற்கவைக்கப்பட்டான். செயலாளர் எழுந்தார்.

"இருபத்தொன்பது வீடு இருக்கு இங்க. இதுல ஒருத்தராவது, ஒரு நாளாவது, தனியா இருந்திருக்கோமா? வீட்டுல குடும்பம். ஆபீஸ்ல கும்பல். பாத்ரூம்ல போன். நான் அந்த லிஃப்ட்ல ஐம்பது நிமிஷம் இருந்தேன். நான் மட்டும் இருந்தேன். அப்ப எனக்குள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு."

"என்ன சொல்லிச்சு சார்?" என்று கேட்டார் இரண்டாம் மாடி பல் டாக்டர்.

செயலாளர் கண்ணை மூடினார். "'சொல்லுங்க'ன்னு சொல்லிச்சு."

கூட்டம் சிலிர்த்தது. ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினார்.

"அறுபத்தி மூணு வருஷத்துல என்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் உட்கார்ந்தார். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன.

அவையாவன: மேற்படி லிஃப்டை இன்றுமுதல் நாலரையாம் மாடியில் நிறுத்திவைப்பது. வீட்டுவாரியாக முறை வைத்து ஆளுக்கு நாற்பத்தைந்து நிமிடம் தனிமை வழங்குவது. உள்ளே போகுமுன் செல்போனைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஒப்படைப்பது. இவற்றைக் கண்காணிக்கப் பதினோரு பேர் கொண்ட 'தனிமைத் துணைக்குழு' அமைப்பது. தனிமையை ஒரே ஆள் நிர்வகித்தால் சர்வாதிகாரம் ஆகிவிடும் என்பதால் பதினோரு பேர்.

ஏழாம் மாடி இன்சூரன்ஸ்காரர் மட்டும் கையைத் தூக்கினார். "எல்லாம் சரி. வீட்டுக்குப் போக வர லிஃப்ட்ட எப்ப விடுவீங்க?"

"போறதுக்குப் படிக்கட்டு இருக்கு. இருக்கறதுக்குத்தான் லிஃப்ட்" என்றார் செயலாளர்.

பலத்த கைதட்டல். இன்சூரன்ஸ்காரரும் சேர்ந்து தட்டினார். தனியாகத் தட்டாமல் இருக்க அவருக்குத் துணிச்சல் போதவில்லை.

எட்டாம் மாடியின் கருத்து கேட்கப்படவில்லை. அங்கே ஒரே ஒரு வீடு. மற்ற இடமெல்லாம் திறந்த மாடி. அந்த வீட்டிலிருந்த வயதான அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. லிஃப்ட் நின்றிருந்ததால் அவரால் கூட்டத்துக்கு இறங்கிவர முடியவில்லை. ஆகவே தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

மெக்கானிக் நேராகத் தன் கம்பெனி மேனேஜரிடம் போனான்.

"சார், ஆளை உள்ள வச்சு நடுவுல நிறுத்தணுமாம். தினமும்."

"நிறுத்து."

"லிஃப்ட்ட ஓட வைக்கத்தானே சார் நம்ம கம்பெனி?"

மேனேஜர் இரக்கத்தோடு பார்த்தார். "ஓட வைக்க ஊர்ல இருக்கற எல்லாக் கம்பெனியும் இருக்குப்பா. நிறுத்தி வைக்கறதுக்கு நாம மட்டும்தான். இனிமே உனக்கு அங்கேயே டியூட்டி."

அன்றுமுதல் மெக்கானிக் 'மௌனப் பொறியாளர்' ஆனான். செயலாளரே அந்தப் பட்டத்தை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார். காலை ஆறு மணிக்கு மெஷின் ரூமுக்கு ஏறுவான். கீழே ஒருவர் லிஃப்டில் நுழைந்ததும் மேலே அனுப்பி, நாலரையில் மெயினை அணைப்பான். விளக்குக்கும் விசிறிக்கும் தனி லைன் என்பதால் தவசிக்கு வெளிச்சமும் காற்றும் தடையில்லை. முக்கால் மணி கழித்து இறக்கி, அடுத்தவரை ஏற்றுவான். இரவு எட்டுவரை இதுவே வேலை. ஒரு லிஃப்டை ஓட்டுவதைவிட நிறுத்துவது எவ்வளவு உழைப்பு என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் பலன் இல்லாமல் இல்லை. அதை அவனே கண்ணால் பார்த்தான்.

பல் டாக்டர் ஒன்பது வருடமாகப் பேசாதிருந்த தன் அண்ணனுக்குப் போன் செய்தார். "நாள் முழுக்க அடுத்தவங்க வாயைத் திறந்து பார்க்கறேன். என் வாயை மூடினப்பதான் எல்லாம் புரிஞ்சுது" என்று, தவ அனுபவத்தைச் சொல்வதற்கென்றே கூடும் பகிர்வுக் கூட்டத்தில் கண்கலங்கினார். மூன்றாம் மாடியில் கல்யாணமான புதிதிலேயே ஆளுக்கொரு அறையில் முகத்தைத் தூக்கிவைத்திருந்த தம்பதி, அடுத்தடுத்த நேரத்தில் தனித்தனியாகத் தவமிருந்தார்கள். இரண்டு வாரத்தில் கைகோத்துக்கொண்டு படியேறினார்கள். இன்சூரன்ஸ்காரர் உள்ளே போகும்போது மரண பயத்தோடு போய், வெளியே வரும்போது தன் பாலிசியைத் தானே ஒருமுறை படித்துப் பார்ப்பதாக அறிவித்தார்.

எல்லோருக்கும் 'உள்குரல்' கேட்டது. அதில் ஒரு அதிசயம், எல்லோருடைய உள்குரலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது: "லைன்ல இருங்க." இதன் உட்பொருளைத் துணைக்குழு இரண்டு கூட்டங்கள் போட்டு ஆராய்ந்தது. நேர்வழியில் வாழ்க என்று ஐவரும், வரிசையை மதிக்க என்று ஐவரும் பொருள் கூறினர். பதினோராமவர் தவத்தில் இருந்தார். முடிவாக, 'லைனில் இருங்கள்' என்று பொன்னிற எழுத்தில் பலகை எழுதி லிஃப்ட் வாசலில் மாட்டினார்கள்.

மெக்கானிக் இதையெல்லாம் மாலையில் வீட்டில் வந்து சொல்வான். அவன் வீடு இரண்டே அறை. அதில் அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவன் அம்மா, பரீட்சைக்குப் படிக்க வந்த தங்கை. அந்த வீட்டில் யாராவது தனியாக இருந்தார்கள் என்றால் அது சுவரில் தொங்கிய காலண்டர் மட்டும்தான். அன்று மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வெளிய வந்ததும் எல்லாரும் என்ன செய்வாங்க?"

"தண்ணி கேப்பாங்க. தொண்டை கட்டிடும்ல."

துணியை மடித்த கை நின்றது. "ஏங்க, பேசாம உக்காந்திருந்தா தொண்டை எதுக்குக் கட்டும்?"

ஐந்து வாரமாகப் பதினோரு பேர் கொண்ட துணைக்குழுவுக்குத் தோன்றாத கேள்வி அது.

மறுநாள் காலை பல் டாக்டரை நாலரையில் நிறுத்திவிட்டு, மெஷின் ரூமிலிருந்து கீழே இறங்கினான். எட்டாம் மாடி வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் ஏறுவான், இறங்குவான். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இப்போது உள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது.

"சொல்லுங்க... கேக்குது... அப்பா சொத்தை அவர் பேருக்கு எழுதினாரு, சரி. அதுக்கு அண்ணன் என்ன பண்ணுவாரு? அவர்கிட்ட நீங்க கேட்டீங்களா?... கொஞ்சம் லைன்ல இருங்க."

வயதான அம்மா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்ற தலை, கனத்த கண்ணாடி. சுவரில் மாட்டியிருந்த பழைய இன்டர்காமின் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நீதான் மேல இருக்கற மெக்கானிக்கா? உள்ள வா தம்பி. உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். தண்ணி வேணும்னா சமையலறையில எடுத்துக்க. இவர் முடிக்க இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

அவன் தண்ணீர் குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அம்மா அதிகம் பேசவில்லை. "ம்" என்பார். "அப்புறம்?" என்பார். எப்போதாவது ஒரு கேள்வி கேட்பார். மறுமுனையில் பல் டாக்டர் மூக்கைச் சிந்துவது அறை முழுக்கக் கேட்டது. ஒருவழியாக ரிசீவரை மாட்டினார்.

"இது எப்படிம்மா இங்க வருது?"

"லிஃப்ட்ல சிவப்பு பட்டன் இருக்குல்ல? அமுக்கினா கீழ வாட்ச்மேன் ரூம்ல மணி அடிக்கும், முன்னாடி. வாட்ச்மேனை எடுத்துட்டுக் கேமரா வச்சாங்க. கேமரா போன் எடுக்குமா? வயரு சும்மா தொங்கிச்சு. உனக்கு முன்னாடி இருந்த மெக்கானிக் வந்து, 'நீங்கதாம்மா எப்பவும் வீட்டுல இருக்கீங்க, உங்க இன்டர்காம்ல சேத்துடறேன்'னாரு. சரின்னேன். ஆபத்துல கூப்பிடறவங்களுக்கு யாராவது எடுக்கணும்ல?"

"எடுத்ததும் 'சொல்லுங்க'ன்னு..."

"முப்பத்தியோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன் தம்பி. தூக்கத்துல எழுப்பினாலும் அதான் வரும்."

"இப்பப் பேசினது யாருன்னு தெரியுமா?"

"பேர் கேக்கறதில்ல. பேர் கேட்டா மனுஷங்க பொய் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க." அம்மா சிரித்தார். "ஆனா குரல் மறக்காது. அந்தப் புதுசாக் கட்டிக்கிட்ட பொண்ணு சொல்றதும் அவ புருஷன் சொல்றதும் ஒரே விஷயம். லைன்தான் சேரல. இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் லேசாத் தட்டிவிட்டேன். பழைய வேலைதானே."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது. மேஜைமேல் மூக்குக்கண்ணாடி உறைக்கு அடியில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டு மூன்றாவது எழுதியிருந்தது.

"இது என்னம்மா?"

"வலது கண்ணு ஆபரேஷன். ரெண்டு தடவை போக முடியல. எட்டு மாடி இறங்க இந்த முட்டி விடாது. வர்ற வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசியாக் குடுத்திருக்காங்க. லிஃப்ட் வேணும்னு சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டிருக்கேன்."

"விண்ணப்பம் எதுக்கு? தினமும் இருபது பேர்கிட்ட பேசறீங்களே, அவங்ககிட்டயே சொல்லலாமே!"

"ஒருத்தர்கிட்ட சொன்னேன்" என்றார் அம்மா. "'எனக்குக் கண்ணு தெரியல, கீழ போகணும்'னேன். 'இன்னைக்கு உள்குரல் ஒருநிலையில இல்ல'ன்னு வச்சிட்டாரு."

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குறை சொல்லல தம்பி. நாள் பூரா மனுஷக் குரல் கேக்குது, நல்லாத்தான் இருக்கு. முன்னாடி சாயங்காலம் கீழ போயி கேட் பக்கத்துல பெஞ்சுல உக்காருவேன். அஞ்சு வாரமாச்சு. 'நீங்க எப்படி இருக்கீங்க'ன்னு ஒருத்தர் திருப்பிக் கேட்டா லைன் தேஞ்சா போயிடும்?"

இன்டர்காம் அடித்தது. அடுத்தவர் நாலரைக்கு ஏறவே இல்லை. மெக்கானிக் இங்கே உட்கார்ந்திருக்கிறானே! பல் டாக்டர்தான், நேரம் முடிந்தும் இறக்கிவிடவில்லை என்று புகார் செய்தார். அம்மா ரிசீவரைப் பொத்தி, "உன்னைத் தேடறாங்க" என்றார்.

அன்று மதியம் மெக்கானிக் ஐந்தாம் மாடியில் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினான். செயலாளர் விதிமுறைகளை லேமினேட் செய்துகொண்டிருந்தார்.

"சார், எட்டாம் மாடி அம்மா வியாழக்கிழமை ஆஸ்பத்திரி போகணும். பத்து நிமிஷம் லிஃப்ட்ட விட்டா போதும்."

"விண்ணப்பம் வந்திருக்கு. பரிசீலனையில இருக்கு."

"எப்ப சார் முடியும்?"

"துணைக்குழு கூடணும். பதினோரு பேரும் ஒண்ணாக் கூடறது இப்பக் கஷ்டம். எல்லாரும் தனிமையில இருக்காங்க."

மெக்கானிக் கழுத்து அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "சார், அந்தக் குரல் அந்த அம்மாவோடது."

செயலாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்க. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். 'யாரு'ன்னு கேட்டேன். 'எட்டாம் மாடி'ன்னாங்க. எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கறேன். யாரும் வெளிய சொல்லிக்கல. தனித்தனியாத் தெரிஞ்சு வச்சிருக்கோம்."

"அப்ப படியேறிப் போயே பேசியிருக்கலாமே சார்? உங்க வீட்டுலேர்ந்து மூணு மாடிதானே?"

செயலாளர் லேமினேட் செய்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, எடைக்கல்லில் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல அவனை உற்றுப் பார்த்துச் சொன்னார்:

"நேர்ல போனா அவங்களும் பேசுவாங்களே."

மெக்கானிக் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நீங்களே யோசிங்க தம்பி. அவங்க பாட்டுக்கு ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க வீடுன்னு கிளம்பிட்டா, பட்டனை அமுக்கினா யார் எடுப்பாங்க? இத்தனை பேரோட ஆன்மிக முன்னேற்றம் இருக்கு இதுல."

கழுத்து அட்டையை எடுத்து அவரே மறுபடி மெக்கானிக்குக்கு மாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை ஒன்பது மணித் தவம் செயலாளருடையது. மெக்கானிக் வழக்கம்போல அவரை நாலரையில் நிறுத்தினான். மெஷின் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பெரிய சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போகும். அது நிச்சயம். வீட்டில் ஆறு பேர் என்பதும் நிச்சயம். ஒன்பது இருபத்தைந்துக்கு எழுந்து மெயினைப் போட்டான். லிஃப்டை எட்டாம் மாடிக்கு ஏற்றினான். இறங்கி ஓடி வந்து, கிளம்பத் தயாராக இருந்த அம்மாவை இன்டர்காமை அப்படியே விட்டுவரச் சொல்லிக் கூட்டிவந்து, கதவைச் சாவி போட்டுத் திறந்தான்.

செயலாளருக்கு எதுவும் உறைக்கவில்லை. நாலரையில் இருப்பதாகவே நினைத்து, கண்ணை மூடி, சிவப்பு பட்டனை அழுத்தியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"...மருமக எங்கிட்ட முகம் குடுத்தே பேசறதில்ல. அது ஏன்னு எனக்குப் புரியல."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவளுக்குக் கடிதம் எழுதினா எப்படிப் பேசுவா?" என்றது குரல்.

இந்த முறை அது பட்டனுக்குப் பக்கத்திலிருந்து வரவில்லை. செயலாளர் கண்ணைத் திறந்தார். எதிரே எட்டாம் மாடி அம்மா, ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் துணிப்பை.

"கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா? கீழ போகணும்" என்றார்.

செயலாளர் நகர்ந்தார். மூவருமாக எட்டு மாடியும் இறங்கினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வாரத்தில் அந்த லிஃப்டில் உண்மையாகவே கடைப்பிடிக்கப்பட்ட மௌனம் அது ஒன்றுதான். பகிர்வுக் கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது அடுத்தடுத்த தவசிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். பல் டாக்டர் செல்போனை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். புதுத் தம்பதி ஓரமாக நின்றார்கள். கைத்தடியோடு ஒரு கிழவி இறங்குவதைப் பார்த்ததும், யார் வீட்டு விருந்தாளி என்பதுபோல எல்லோரும் வழிவிட்டார்கள்.

"வழி விட்டதுக்கு நன்றி" என்றார் அம்மா.

அந்தக் குரலைக் கேட்டதும் வரிசை அப்படியே கல்லானது. ஒருவர் மேலே பார்த்தார். ஒருவர் தரையைப் பார்த்தார். அம்மா கண்ணைச் சுருக்கி, பல் டாக்டர் தொண்டையைச் செருமிய திசையில் திரும்பினார்.

"அண்ணன் திருப்பிக் கூப்பிட்டாரா டாக்டர்?"

எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தார்கள். பல் டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், வேற யாரோன்னு நினைச்சுக்கிட்டாங்க போல" என்றார்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெக்கானிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அந்தப் புதுப் பெண் இரண்டு எட்டு பின்னால் வந்தாள். அவள் கணவன், "நம்ம டர்ன் போயிடும்" என்றான். அவள் நின்றுவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரிக்கே வந்த அம்மாவின் தங்கை, "பரண் மாதிரி அந்த எட்டாவது மாடி இனிமே வேணாம். என்னோட வா" என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். தரைத்தள வீடு. நாலாம் நாள் அம்மா மெக்கானிக்குக்குப் போன் செய்தார்.

"தம்பி, கட்டு பிரிச்சாச்சு. நல்லாத் தெரியுது. தங்கச்சி வாயே மூட மாட்டேங்கறா. ஆனா நடுநடுவுல, 'நீ சொல்லு'ங்கறா. சொல்ல ஆரம்பிச்சேன் பாரு, எனக்கே நிறுத்த முடியல. நீ எப்படி இருக்க? வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தத் தெரிந்த மெக்கானிக் வேறு யாரும் இல்லாததால் கம்பெனி அவனை மன்னித்திருந்தது. செயலாளரும் நடந்ததைத் 'தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட இயக்கம்' என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டார். தவம் தொடர்ந்தது.

தொடர்ந்தது என்றால், நான்கு நாள் தொடர்ந்தது. முதல் நாள் பல் டாக்டர் நாலு நிமிடத்தில் கதவைத் தட்டினார். இன்சூரன்ஸ்காரர் இரண்டே நிமிடத்தில் வியர்த்துப்போய், தன்னை உயிரோடு புதைத்துவிட்டதாகக் கூச்சலிட்டார். மெஷின் ரூமில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்குப் பூட்டிய வீட்டுக்குள் இன்டர்காம் விடாமல் அடிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் துணைக்குழு முழு எண்ணிக்கையில் கூடியது. பதினோரு பேரும் கையெழுத்திட்ட புகார்க் கடிதத்தைச் செயலாளர் மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"லிஃப்ட்ல பெரிய கோளாறு தம்பி. உடனே கவனிங்க."

மெக்கானிக் பிரித்துப் படித்தான். 'மேற்படி லிஃப்டில் தனிமையில் இருப்பவர்கள் கடந்த நான்கு நாட்களாகத் தனியாக இருக்க நேரிடுகிறது. இது மிகுந்த மனவேதனை அளிக்கிறது. போர்க்கால அடிப்படையில் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய், கதவுப் பூட்டைக் கழற்றி, தேய்ந்துபோன சுவிட்சை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான். சரியாகப் பத்து நிமிடம். லிஃப்ட் தரையிலிருந்து எட்டுவரை எங்கும் நிற்காமல் ஏறியது, இறங்கியது. பிறகு படியில் உட்கார்ந்து கம்பெனியின் சர்வீஸ் படிவத்தை நிரப்பினான். 'கோளாறு காணப்பட்ட இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. இவ்வாறு எழுதினான்:

'லிஃப்டில் இல்லை. முதல் மாடியிலிருந்து ஏழாம் மாடிவரை.'

கையெழுத்துப் போடப் போனவன் யோசித்தான். ஒரு காற்புள்ளி வைத்து, 'மெஷின் ரூமிலும்' என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.